உப்புக்கொத்தியின் கால்

ஸ்கூட்டர் சாவி பீரோவில் இல்லை, ஆணியில் இல்லை, டிவி மேலும் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் நேற்று சாயங்காலம் கட்டிக் கொடுத்த கேரி பைக்குள் கையை விட்டாள் இந்துமதி. புருஷன் சிவனாண்டியின் சட்டை, வேட்டி, பெல்ட், மூக்குக்கண்ணாடி. சட்டைப் பையில் சாவி இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையில் சரிந்த மனுஷன் சாவியைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் சரிந்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய இந்த ஒழுங்குதான் அவளுக்கு எரிச்சல்.

மணி ஐந்தே முக்கால். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவனாண்டி படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் விளக்கு. சுற்றிப் பாயில் சொந்தக்காரப் பெண்கள், அழுது களைத்துச் சுருண்டு கிடந்தார்கள். மகன் செந்தில்முருகன் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் வந்துகொண்டிருந்தான். ஒன்பது மணிக்குள் வந்துவிடுவான். அவன் வந்ததும் குடங்களில் நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி, பதினோரு மணிக்குத் தூக்குவதாகப் பேச்சு.

இந்துமதி சாம்பல் நிறச் சேலைக்கு மாறியிருந்தாள். பறவை பார்க்கப் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் போகக்கூடாது. கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. அந்தக் கோலத்தில் அவள் கூடத்துக்கு வந்ததும் பாயில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது.

"ஏளா, எங்க கிளம்பிட்ட?" என்றாள் சண்முகத்தாய். சிவனாண்டியின் அக்கா. வயது எழுபது, குரலுக்கு மட்டும் இருபது.

"பார்க்குக்கு மதினி."

"எந்தப் பார்க்குக்கு?"

"ஞாயித்துக்கிழமை நாங்க எப்பவும் போற பார்க்குதான். ஒம்பது மணிக்குள்ள வந்துருவேன்."

"உனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா? எந்தம்பி இங்கன கிடக்கான். நீ கொக்கு பாக்கப் போறியா?"

"கொக்கு இல்ல மதினி. உப்புக்கொத்தி."

சண்முகத்தாய் எழுந்து வாசலை மறித்து நின்றாள். "பிணம் கிடக்கையில வீட்டுப் பொம்பளை வாசப்படி தாண்டக் கூடாதுளா. விடிஞ்சதும் உனக்குப் பூ வச்சு, கை நிறைய வளையல் போட்டு, அவன் பக்கத்துல உக்கார வைக்கணும்னு மல்லிப்பூ வாங்கி வச்சிருக்கேன்."

"பூவை பிரிட்ஜில வைங்க. வாடிரும்," என்று சொல்லிவிட்டு இந்துமதி பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கினாள்.

மகள் ஐஸ்வர்யா பின்னாலேயே ஓடி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "ஏம்மா, எல்லாரும் என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அந்தக் குருவியை அடுத்த வாரம் போய்ப் பாரேன்."

"அடுத்த வாரம் அது இருக்காது. பங்குனி பொறக்கப் போவுது, எல்லாம் கிளம்பிரும்."

"அதைப் பாத்து இப்ப என்னம்மா ஆகப் போவுது? யாரு சொன்னது சரின்னு தெரிஞ்சு யாருக்கு என்ன?"

"எனக்கு," என்றாள் இந்துமதி. கடைப்பையன் நேற்று ராத்திரி உருட்டிக்கொண்டு வந்து விட்டிருந்த வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினாள். "நான் தப்புன்னா உங்கப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணும். தப்பில்லன்னா நான் எதுக்குக் கேக்கணும்? பதினோரு மணிக்குத் தூக்கிருவாங்க. அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

விஷயம் அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

சிவனாண்டிக்கு மார்க்கெட் பக்கம் பெயிண்ட் கடை. இருபத்தெட்டு வருஷம். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். உப்பளத்தை ஒட்டி மாநகராட்சி போட்ட குளத்துப் பூங்காவுக்கு ஒரு நாள் நடக்கப் போனவர், தண்ணீரில் நின்ற பூநாரைகளைப் பார்த்துவிட்டு நடப்பதை அன்றோடு விட்டார். இவர் நடக்கிறாரா என்று வேவு பார்க்க மறுநாள் கூடப் போன இந்துமதியும் வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டாள். அது ஆச்சு ஒன்பது வருஷம். வடக்கேயிருந்து ஐப்பசியில் வந்து இறங்குகிற பறவைகளை ஞாயிறுதோறும் எண்ணி எழுத ஒரு கூட்டம் சேர்ந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் பர்னபாஸ், கல்லூரியில் பாடம் எடுக்கிற விஜிலா, இன்னும் மூன்று நான்கு பேர்.

சிவனாண்டி பறவையைப் பெயிண்ட் டப்பா மாதிரிதான் பார்ப்பார். "முதுகு ஸ்மோக் கிரே, வயிறு ஐவரி," என்பார். அப்புறம்தான் புத்தகத்தில் தேடுவார். இந்துமதிக்கு நிறத்தில் நம்பிக்கை கிடையாது. வெயில் மாறினால் நிறம் மாறும். மூக்கு, கால், நடை, இதுதான் அவள் கணக்கு. இதற்காக அவர்கள் சண்டை போடாத ஞாயிறு கிடையாது. சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து, சண்டை போட்டுக்கொண்டே இட்லி சாப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது.

போன ஞாயிறு, சேற்றில் ஓடிக்கொண்டிருந்த இருநூறு உப்புக்கொத்திகளில் ஒன்றின் காலில் எதையோ கண்டார் சிவனாண்டி. "கொடி!" என்று கத்தினார். "பிரோசா கலர்ல கொடி! ஏ பர்னபாஸ், இங்கன வாரும்!" வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் பறவையைப் பிடித்துக் காலில் ஒரு குட்டி பிளாஸ்டிக் கொடி மாட்டி விடுவார்கள். அதில் எழுத்து இருக்கும். படித்து எழுதிப் போட்டால் அது எந்த நாட்டில் மாட்டியது, எத்தனை வயசு என்று பதில் வரும். ஒன்பது வருஷத்தில் அந்தக் குளத்தில் யாருக்கும் கிடைக்காத சங்கதி.

இந்துமதி பைனாகுலரை எடுத்துப் பார்த்தாள். அரை நிமிஷம்தான் கிடைத்தது. கூட்டம் பறந்துவிட்டது.

"கொடியும் இல்ல கிடியும் இல்ல," என்றாள். "வலை நூலு சுத்தியிருக்கு. பச்சை நைலான்."

"பச்சையா? இருபத்தெட்டு வருஷமா கலர் விக்கிறவன்கிட்ட வந்து பச்சைங்கிற?"

"கலர் விக்கிறவருக்குக் கண்ணுல புரை விழுந்து நாலு மாசம் ஆச்சு. ஆபரேஷனுக்குப் பயந்துகிட்டு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம திரியுதாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பர்னபாஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிவனாண்டி சிரிக்கவில்லை. புரை விஷயத்தை வெளியே சொல்லாதே என்று அவளிடம் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். கலர் விற்கிறவனுக்குக் கண் போச்சு என்று தெரிந்தால் எவன் கடைக்கு வருவான். வண்டியருகே வந்து, "ஏறு, போவோம்," என்றார். அவளிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

ஆறு நாள். தம்ளரை ணங்கென்று வைப்பாள் இவள், சத்தமில்லாமல் குடிப்பார் அவர். முதலில் அவர் பேசட்டும் என்று இவள். இவள் பேசட்டும் என்று அவர். சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் போட்டியில் அவர் ஒரேயடியாக ஜெயித்துவிட்டார்.

பூங்கா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது ஆறு இருபது. நடைப்பயிற்சிக்காரர்கள் கையை வீசிக்கொண்டு சுற்றினார்கள். குளத்து வேலி ஓரம் ஐந்து பேர் வரிசையாகத் தலையைக் குனிந்து, கண்ணை மூடி நின்றார்கள். மௌன அஞ்சலி. வேலிக்கு அந்தப் பக்கம் பூநாரைகள் தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

"எல்லாரும் கண்ணை மூடிட்டு நின்னா யாரு எண்ணுறது?" என்றாள் இந்துமதி.

பர்னபாஸ் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "அக்கா! நீங்க எப்படி இங்கன? நாங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருந்தோம். இன்னைக்குக் கணக்கெடுப்பு வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிட்டோமே."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"அண்ணாச்சிக்கு மரியாதையா இருக்கட்டும்னு..."

"அவிய கல்யாண வீட்டுக்குப் போற அன்னைக்கும் எண்ணிட்டுத்தான் போவாவ. காய்ச்சல்லயும் வந்திருக்காவ. எண்ணாம விட்டா அது என்ன மரியாதை? நோட்டை எடுங்க."

பர்னபாஸ் பையிலிருந்து நோட்டை எடுத்தார். விஜிலா அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தாள். "அப்புறம் அழலாம்மா," என்று இந்துமதி கையை விடுவித்துக்கொண்டாள். "உன் பெரிய குழாயை இந்தப் பக்கம் போடு. அந்தக் கால்ல நூலு உள்ளதைக் கண்டுபுடிக்கணும்."

மூன்று கால் தாங்கியில் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். இந்துமதி இடமிருந்து வலமாக, சேற்றுத் திட்டு திட்டாகப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளான்கள். பவளக்காலி. கரண்டிவாயன் ஏழு. உப்புக்கொத்திகள் அன்றைக்குக் குறைவு. முந்திய இரவே பாதி கிளம்பியிருக்க வேண்டும். மீதி இருந்தவையும் நிற்கவா செய்கின்றன? ஓடும், சட்டென்று நிற்கும், குனியும், மறுபடி ஓடும். ஒரு காலைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொன்று குறுக்கே வந்துவிடும். எண்ணியதையே திரும்ப எண்ண வேண்டியிருந்தது.

ஏழு மணிக்கு ஐஸ்வர்யா கூப்பிட்டாள். "அண்ணன் வள்ளியூர் தாண்டிட்டான்மா. அத்தை சாமியாடுற மாதிரி ஆடுதா. வந்துரு."

"வாரேன்."

ஏழு நாற்பதுக்கு மறுபடி. "பாளையங்கோட்டை வந்துட்டான். அம்மா எங்கேன்னு கேக்கான். நான் என்ன சொல்ல?"

"எங்க இருக்கேனோ அதைச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தி பெயிண்ட் கடைக்கு எதிர்க்கடைக்காரி. "அண்ணாச்சி நேத்துத்தானே..." என்று இழுத்தாள்.

"ஆமா. நேத்துத்தான். வீட்டுல கிடக்காவ. பதினோரு மணிக்கு வாங்க," என்றாள் இந்துமதி, கண்ணைக் குழாயிலிருந்து எடுக்காமல்.

வெயில் ஏறியது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் வந்ததும் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது. அந்த நேரத்தில்தான் தனக்குள் ஒன்றைக் கவனித்தாள். காலையில் கிளம்பும்போது தான் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கிளம்பினாள். இப்போது ஒவ்வொரு காலாகப் பார்க்கப் பார்க்க, கொடியாக இருந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கொடியாக இருந்தால் பெட்டிமேல் விழுந்து மன்னிப்பு கேட்கலாம், அழலாம், மதினி மல்லிப்பூ வைத்தால் தலையைக் காட்டலாம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

எட்டு பத்துக்கு விஜிலா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அம்மா. அந்தக் கல்லுக்கு வலப்பக்கம். ஒண்ணு நொண்டுது பாருங்க."

இந்துமதி குழாயைத் திருப்பினாள். ஒரு முறை தவறவிட்டாள், மறுபடி பிடித்தாள். மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, கோலி மாதிரிக் கறுத்த கண். இடது கால். முட்டிக்குக் கீழே வீங்கியிருந்தது. வீக்கத்தைச் சுற்றி மூன்று சுற்று, ஒரு முடிச்சு, முடிச்சிலிருந்து இரண்டு பிசிர் நீட்டிக்கொண்டிருந்தது. காற்றில் பிசிர் ஆடும்போது தூரத்துக்குக் கொடி மாதிரித்தான் இருந்தது.

நூல்தான். நைலான் வலை நூல். எழுத்தும் இல்லை, நாடும் இல்லை.

பாவி மனுசா, உங்களுக்கு ஒரு கொடி கிடைச்சிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினாள். ஒன்பது வருஷமா நின்ன நிலைக்கு ஒரே ஒரு கொடி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். துடைத்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. நூல் பச்சை இல்லை. நீலமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே. அவர் கடையில் ஜன்னல் கம்பிக்கு வாங்கிப் போவார்களே, மூடியில் நிறம் காட்டப் பொட்டு வைத்திருக்கும் டப்பா, அதே நிறம். பிரோசா. புரை விழுந்த கண்ணால், எண்பது அடி தூரத்தில், ஓடுகிற குருவியின் காலில் அந்த மனுஷன் பிரோசாவைக் கண்டிருக்கிறார்.

பர்னபாஸ் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மெதுவாகச் சொன்னார். "அக்கா, ஒண்ணு செய்வோமா? கொடின்னே எழுதிருவோம். எழுத்து தெரியலன்னு போட்டுட்டாப் போச்சு. அண்ணாச்சி பேருல இருந்துட்டுப் போவுது. யாரு வந்து பாக்கப் போறா?"

நல்ல மனுஷன்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் இந்துமதிக்குச் சுர்ரென்று ஏறியது.

"அவியளுக்கு நீங்க பிச்சை போடுறீங்களா வாத்தியாரே?"

"ஐயோ, அப்படி இல்லக்கா..."

"பின்னே எப்படி? செத்துட்டா சொன்னதெல்லாம் சரியாயிருமா? முப்பத்திரெண்டு வருஷம் என்கூடச் சரிக்குச் சரி நின்னு சண்டை போட்ட ஆளு. பொய்யா எழுதி ஜெயிக்க வைக்காதீங்க. அவியளுக்கே புடிக்காது." நோட்டைச் சுட்டிக்காட்டினாள். "எழுதுங்க. உப்புக்கொத்தி ஒண்ணு. இடது கால்ல வலை நூலு. நெறம் பிரோசா. பச்சைன்னு நான் சொன்னது தப்பு, அதையும் எழுதுங்க. முதல்ல பாத்தவர் சிவனாண்டி. இருநூறுல அந்த ஒரு காலை அவிய காட்டித்தானே நான் பாத்தேன். அது யாரும் போடுற பிச்சை இல்ல."

பர்னபாஸ் எழுதினார். எழுதியதை அவளிடம் காட்டினார். அவள் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பிடிச்சு நூலை அறுத்து விட முடியுமா?" என்று கேட்டாள்.

"சேத்துல இறங்குனா எல்லாமே பறந்துரும்மா," என்றாள் விஜிலா. "பக்கத்துலயே போக முடியாது."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் எழும்பியது. நொண்டியும் எழும்பியது. காலைத் தொங்கவிட்டபடி மற்றவற்றோடு ஒரு சுற்று சுற்றி, உப்பளத்துக்கு மேலே போனது. இந்துமதி அது கண்ணுக்குத் தெரிந்தவரை பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த கூழைக்கடாவையும் ஆலாவையும் எண்ணி முடித்து, நோட்டிலிருந்து பட்டியலைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எட்டு நாற்பது ஆகிவிட்டது.

தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். ஸ்கூட்டர் வந்து நின்றதும் பேச்சு நின்றது. வாடகைக் கார் ஒன்று கதவு திறந்தபடி நின்றது. செந்தில்முருகன் வந்துவிட்டான்.

வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டான். பிறகு பைனாகுலரைப் பார்த்தான், சேறு படிந்த செருப்பைப் பார்த்தான். "எங்கம்மா போன? நான் வந்து நிக்கேன், வீட்டுல நீ இல்ல. ஊரே சிரிக்கு."

"சிரிச்சா சிரிக்கட்டும்லே. சாப்பிட்டியா?"

"அம்மா!"

உள்ளே பெண்கள் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டானே எந்தம்பி, பொண்டாட்டியை ஒரு சொல் சொல்லியிருப்பானா," என்று சண்முகத்தாய் யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

"சொல்லுவாவ மதினி. நல்லாவே சொல்லுவாவ," என்றாள் இந்துமதி. "நானும் சொல்லுவேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டியருகே போய் உட்கார்ந்தாள். கண்ணாடியின் மேல் ஈரம் படர்ந்து முகம் மங்கலாக இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். நெற்றியில் திருநீறு, மூக்கில் பஞ்சு. மூக்குக்கண்ணாடி போடாத முகம் அவளுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் அவள் இப்போது வெடித்து அழுவாள் என்று நெருங்கி வந்தார்கள். ஒருத்தி முதுகில் கையை வைத்தாள். இன்னொருத்தி ராகத்தை ஆரம்பித்தாள்.

"கொடி இல்ல," என்றாள் இந்துமதி.

ராகம் நின்றது.

"வலை நூலுதான். விஜிலாவோட பெரிய குழாயில பாத்தேன். நான் சொன்னதுதான் சரி." குரலில் சண்டைக்கு நிற்கிற தோரணை இருந்தது. "ஆனா பிரோசா. பச்சை இல்ல. அது நீங்க சொன்னதுதான். முதல்ல பாத்ததும் நீங்கதான்னு எழுதிட்டு வந்திருக்கேன்."

யாரோ விசும்பினார்கள். செந்தில்முருகன் அம்மாவின் தோளைத் தொட்டான். அவள் திரும்பவில்லை.

"கண்ணு விஷயத்தை அத்தனை பேர் முன்னால நான் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கிடுங்க." கண்ணாடியில் மறுபடி படர்ந்த ஈரத்தைத் துடைத்தாள். "ஆனா அதுக்கு ஆறு நாள் பேசாம இருந்தீங்க பாருங்க, அது அதைவிடப் பெரிய தப்பு. அதை நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்."

சண்முகத்தாய் பக்கத்தில் வந்து குனிந்தாள். கையில் மல்லிகைச் சரம் இருந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்துச் சொன்னாள். "ஏளா, எந்திரி. பெட்டியைத் திறக்கணும். நீர்மாலைக்கு ஆம்பிளையளு குடத்தோட நிக்காவ. நேரமாவுது."

"நிக்கட்டும் மதினி. ஆறு நாளா நாங்க ஒண்ணும் பேசிக்கிடல."

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். பட்டியலைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பூநாரை நாப்பத்தியொண்ணு," என்றாள். "அதுல இளசு ஒம்பது. கரண்டிவாயன் ஏழு. போன வாரம் மூணுதான் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? பவளக்காலி பதினெட்டு..."

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குடத்தைத் தரையில் இறக்கி வைத்தார்கள்.